பில்லுக்கு பேனல், கரண்ட் கட்டுக்கு பேட்டரி

மொட்டை மாடியில் சோலார் போட விரும்பி விசாரிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: மூன்று கிலோவாட் போடுங்கள், 78,000 ரூபாய் மானியம் வரும், கரண்ட் போனாலும் கவலையில்லை. மானியத் தொகை சரிதான். மூன்று கிலோவாட் உங்கள் வீட்டுக்குத் தேவையா என்பது பில்லைப் பார்த்தால்தான் தெரியும். கடைசியாகச் சொன்னதோ, பேட்டரி இல்லாத அமைப்பில் நடக்கவே நடக்காது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு சோலார் வாங்குகிறவர் இந்த இரண்டையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ஆறு பில்களை எடுத்து வையுங்கள்

நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. ஆண்டுக்கு ஆறு பில். மின்வாரிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கைப் பார்க்கலாம். தொகையை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஏ.சி. ஓடும் கோடைக்கால பில்லையும் மார்கழி பில்லையும் தனித்தனியே பாருங்கள். சராசரியை மட்டும் பார்த்தால் கோடையின் சுமை தெரியாமல் போய்விடும்.

நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி, 400 யூனிட் வரை யூனிட் விலை 5 ரூபாய்க்குள்தான். 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல், 800-ஐத் தாண்டினால் 10 ரூபாய்க்கு மேல், 1000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். மொத்தப் பயன்பாடு 500-ஐக் கடந்துவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் கூடுதல் சலுகையும் கைவிட்டுப் போகும்.

சோலார் இந்தப் படிகளை மேலிருந்து கீழாகக் குறைத்துக்கொண்டு வருகிறது. நம் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. ஒரு பில்லுக்கு 900 யூனிட் ஆகும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து 420 மிஞ்சும். பில்லில் குறையும் தொகை ஏறக்குறைய 4,500 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டையும் சேர்த்தால் இன்னும் 240 யூனிட் கழியும். ஆனால் அவை கழிவது மலிவான படிகளிலிருந்து. அதனால் கூடுதலாகக் குறைவது சுமார் 1,100 ரூபாய்தான். முதல் இரண்டு கிலோவாட்டும் தலா 2,250 ரூபாய் மிச்சப்படுத்த, மூன்றாவது அதில் பாதியைத்தான் மிச்சப்படுத்துகிறது.

மானியமும் இதே சாய்வில்தான் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கி 2026-27 நிதியாண்டு வரைக்கும் என்று வகுக்கப்பட்ட பி.எம். சூர்யா கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000-தான் உச்சவரம்பு. அரசு இந்தக் கணக்கைப் போட எடுத்துக்கொண்ட அடிப்படை விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000, மூன்றாவதுக்கு 45,000. சந்தையில் நீங்கள் கேட்கும் விலை பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே 'அறுபது சதவீத மானியம்' என்று விளம்பரத்தில் வருவதை அப்படியே நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

பில்லுக்கு 900 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு 2 கிலோவாட்டே போதும் என்பது என் உறுதியான கருத்து. 1,200 யூனிட்டைத் தொடுகிறவர்களும், மின்சாரக் கார் வாங்கப்போகிறவர்களும் மூன்றுக்குப் போகலாம். பில்லுக்கு 250 யூனிட்தான் ஆகிறது என்றால் கட்டுவது 500 ரூபாய்கூட வராது. அந்த வீட்டுக்கு சோலார் இப்போது வேண்டாம். மானியம் கிடைக்கிறதே என்பதற்காகச் சேமிப்பை அதில் போட்டு முடக்க வேண்டியதில்லை.

பேட்டரி எதற்கு?

சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் மின்வாரிய லைனில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். கரண்ட் போனதும், நடுப்பகல் வெயில் கொளுத்தினாலும், தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. யாரும் அதை மாற்றித் தர முடியாது, தரவும் கூடாது. கரண்ட் கட்டிலும் சோலார் ஓட வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். இந்த மத்திய மானியத்தில் பேட்டரிக்குப் பணம் கிடையாது.

அப்படியானால் பகலில் மிஞ்சுவதை பேட்டரியில் சேர்த்து இரவில் பயன்படுத்தினால் மிச்சமாகாதா? நெட் மீட்டர் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. பகலில் லைனுக்குக் கொடுத்த ஒரு யூனிட், இரவில் எடுத்த ஒரு யூனிட்டுக்கு ஈடாகிவிடுகிறது. அதையே பேட்டரியில் போட்டு எடுத்தால் வழியில் கொஞ்சம் வீணாகும், பேட்டரியின் ஆயுளும் தேயும். ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் கணக்கே வேறு. கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு லைனுக்குக் கொடுக்கும் மின்சாரத்துக்கு மிகக் குறைந்த விலைதான். ஆஸ்திரேலிய அரசு 2025 ஜூலை 1 முதல் வீட்டு பேட்டரிக்கு ஏறக்குறைய 30 சதவீதம் தள்ளுபடி தருகிறது. அங்கே எடுக்கப்பட்ட காணொளிகளைப் பார்த்து இங்கே பேட்டரி வாங்கக் கூடாது. நமக்கு பேட்டரி என்பது கரண்ட் கட்டுக்கு மட்டும்.

அந்தத் தேவையை முதலில் அளந்து பாருங்கள். கரண்ட் இல்லாதபோது எதெல்லாம் ஓட வேண்டும்? மூன்று பழைய ஃபேன் (தலா 75 வாட்), ஐந்து எல்.இ.டி. பல்பு, வைஃபை ரூட்டர்: மொத்தம் 285 வாட். நான்கு மணி நேரத்துக்கு 1.1 யூனிட் ஆகும். பெரும்பாலான வீடுகளில் இருக்கும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியில் அடங்குவது 1.8 யூனிட், நெடுநாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஆக, கொஞ்சம் பற்றாக்குறை. இதே வீட்டில் மூன்று ஃபேனையும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் நான்கு மணி நேரத்துக்கு 0.6 யூனிட் போதும். பழைய யு.பி.எஸ்.ஸே தாங்கிவிடும். கரண்ட் எப்போதாவது, அதுவும் சில மணி நேரம் மட்டும் போகிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: ஆன்-கிரிட் பேனல், கூடவே இருக்கிற யு.பி.எஸ்., புது ஃபேன். ஒரு எச்சரிக்கை: சோலார் இன்வெர்ட்டரை மெயின் லைன் பக்கம்தான் இணைக்க வேண்டும். யு.பி.எஸ்.ஸிலிருந்து வெளிவரும் வயரில் இணைத்தால், கரண்ட் போன நேரத்தில் அதை மின்வாரிய லைன் என்று எண்ணி சோலார் ஓடத் தொடங்கி யு.பி.எஸ்.ஸைக் கெடுத்துவிடக்கூடும்.

புயலடிக்கும் கரையோரங்களுக்கு இந்த யோசனை போதாது. 2016-இல் வர்தா, 2018-இல் கஜா, 2023-இல் மிக்ஜாம் வந்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த இடங்கள் பல. கஜாவுக்குப் பிறகு டெல்டாவின் சில பகுதிகளில் வாரக்கணக்கில் இல்லை. முதல் நாளிலேயே யு.பி.எஸ். தீர்ந்துவிடும், அதை மீண்டும் ஏற்ற லைன் இருக்காது. ஹைப்ரிட் அமைப்பில் மேகமூட்டமான பகலிலும் கொஞ்சமாவது பேட்டரி ஏறும். வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு இருக்கும் நோயாளியோ, குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலினோ இருந்தால் இந்தச் செலவை யோசிக்காமல் செய்யுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியே வாங்குங்கள். கொள்ளளவில் 80 முதல் 90 சதவீதம் வரை எடுக்கலாம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை. ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் 5 யூனிட் கொள்ளளவு ஓர் இரவுக்குத் தாராளம். ஏ.சி.யையும் தண்ணீர் மோட்டாரையும் பேட்டரி லைனில் சேர்க்காதீர்கள், 1 எச்.பி. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. இப்போது பணம் இல்லை, பிறகு பேட்டரி வைக்கலாம் என்றிருந்தால் இன்வெர்ட்டரை மட்டும் ஹைப்ரிட்டாக வாங்கிவிடலாம்.

மாடியைப் பாருங்கள்

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். பேனல் தெற்கு பார்த்து, லேசான சாய்வில் இருக்க வேண்டும். நிழலைச் சோதிக்க ஏற்ற மாதம் மார்கழி. அப்போது சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் வாட்டர் டேங்க், மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை எல்லாவற்றின் நிழலும் வடக்கே நீளும். காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடியேறிப் பாருங்கள். வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும்.

உயரமான இரும்புச் சட்டத்தில் பொருத்தினால் கீழே வடாம் காயப்போடலாம், துணி உலர்த்தலாம், காற்றோட்டத்தால் பேனலின் சூடும் தணியும். பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி குறையும் என்பதால் இது அழகுக்கான செலவு அல்ல. ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் இழுப்பும் கூடும். சென்னைக்கு இந்தியத் தரநிலை வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். சட்டம் அதைத் தாங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். வெறும் பெயின்ட் அடித்த இரும்பை ஏற்காதீர்கள். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டம் வேண்டும். உப்புக்காற்று வீசும் ஊரில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

விலைப்புள்ளி வாங்கும்போது

திட்டத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து மூன்று பேரையாவது வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். மாடியைப் பார்க்காமல் போனிலேயே விலை சொல்கிறவரை விட்டுவிடுங்கள். மொத்த விலை மட்டும் எழுதிய தாளையும் ஏற்காதீர்கள்; பேனல், இன்வெர்ட்டர், சட்டம், வயர், எர்த், நெட் மீட்டர் செலவு என்று தனித்தனியே இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்தக் குறைப்பு உங்கள் தாளில் தெரிகிறதா பாருங்கள்.

மானியம் வர வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இரண்டுமே இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். வியாபாரிகள் 'டி.சி.ஆர். பேனல்' என்பது இதைத்தான். டி.சி.ஆர். அல்லாதது மலிவு, அதைப் போட்டால் மானியம் இல்லை. மேலும், பேனல் திறன், இன்வெர்ட்டர் திறன் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம் கணக்கிடப்படும். 3 கிலோவாட் பேனலுக்கு 2.5 கிலோவாட் இன்வெர்ட்டர் வைத்தால் இழப்பு உங்களுக்கு.

வாரண்டியை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: பேனலின் உற்பத்தித் திறனுக்கு 25 ஆண்டு, பேனல் என்ற பொருளுக்கு எத்தனை, இன்வெர்ட்டருக்கு எத்தனை. திட்ட விதிப்படி நிறுவியவர் ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும். அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவது. அதைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறவரிடம் போகாதீர்கள். பணத்தைத் தவணையாகக் கொடுத்து, கடைசித் தவணையை நெட் மீட்டர் ஓடத் தொடங்கிய பிறகே கொடுங்கள்.

விண்ணப்பம்

பலரும் மாட்டிக்கொள்வது பெயரில். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள். இணைப்பு, விண்ணப்பம், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே பெயரில் இருந்தால் பின்னால் அலைச்சல் இல்லை. பேனல் திறன் உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பளுவைக் கூட்ட வேண்டிவரும்.

தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணோடு பதிவு செய்து விண்ணப்பிக்கலாம். 2024 பிப்ரவரியில் திருத்திய மத்திய விதிப்படி 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. பணம் குறைவாக இருந்தால் 3 கிலோவாட் வரைக்கும் அடமானமில்லாத கடனைப் பொதுத்துறை வங்கிகள் இதே திட்டத்தில் தருகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் பொது விளக்கு, லிஃப்ட், மோட்டார் ஆகியவற்றுக்காகச் சங்கத்தின் பெயரில் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

பொருத்தும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் போனில் படமெடுத்து பில்லோடு ஒப்பிடுங்கள். டி.சி., ஏ.சி., இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி தோண்டுகிறார்களா என்று நின்று பாருங்கள். செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் கை வைக்கும் இடம் அது. வேலை முடிந்ததும் மின்வாரியத்தார் வந்து சோதித்து நெட் மீட்டர் பொருத்துவார்கள். பிறகு இணையதளத்தில் வங்கி விவரம் கொடுத்தால் மானியம் சுமார் 30 நாளில் வர வேண்டும்.

முதல் பில் வந்ததும்

நெட் மீட்டரில் இரண்டு கணக்கு ஓடும்: லைனிலிருந்து எடுத்தது, லைனுக்குக் கொடுத்தது. இன்வெர்ட்டரின் செயலி 480 யூனிட் உற்பத்தி என்று காட்ட, மீட்டரில் கொடுத்தது 300 என்றிருந்தால் பதற வேண்டாம். மீதி 180-ஐப் பகலில் உங்கள் வீடே எடுத்துக்கொண்டது. அது மீட்டரைத் தொடாமலே மிச்சமானது. கொடுத்தது எடுத்ததைவிடக் கூடுதலாக இருந்தால் மிஞ்சிய யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும். நிதியாண்டு முடிவில் மிஞ்சிக் கிடப்பதற்கு வீட்டுக் கட்டண விலை கிடைக்காது. தேவைக்கு மேல் பேனல் போட வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். வெயில் அடித்த நாள்களிலும் கொடுத்த கணக்கு பூஜ்யத்திலேயே நின்றால் நிறுவியவரையும் மின்வாரிய உதவிப் பொறியாளரையும் உடனே அழையுங்கள். அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருந்தால் இரண்டு மாத உற்பத்தி கணக்கில் வராமலே போய்விடும்.