பாபிலோனுக்குப் போன கடிதம்

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீ கேட்டதற்கு நேராகவே வருகிறேன். புத்தாண்டு ஆராதனையில் நீ எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது என்றும், அதை வேதாகமத்துக்குள் வைத்து வருஷம் முழுக்கக் கொண்டு திரிகிறாய் என்றும் எழுதியிருந்தாய். தேவன் நமக்கென்று நல்ல எதிர்காலமொன்றை எண்ணி வைத்திருக்கிறார் என்று ஆறுதல் சொல்லும் வசனம் அது. ஆனால் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையின் பின்னறையில் இருந்து பில் எழுதுவதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லையே, என்னைக் குறித்த தேவசித்தம் இதுதானா என்று கேட்டிருக்கிறாய்.

பிள்ளை, அந்த ஒரு வசனத்தை விட்டுவிட்டு அதிகாரம் முழுவதையும் முதலாம் வசனத்திலிருந்து வாசி. அதுவும் ஒரு கடிதம்தான். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும், பிரபுக்களையும், தச்சரையும், கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். எருசலேமிலேயே தங்கிவிட்ட எரேமியா அந்த மக்களுக்குக் கடிதம் எழுதி, அரச தூதர் இருவர் கையில் கொடுத்தனுப்பினார். அவர்களும் ஏறக்குறைய நீ கேட்டதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் நமக்கு என்ன வேலை? எப்போது வீட்டுக்குத் திரும்புவோம்?

அவர்களுக்கு இனிப்பான பதில் சொல்லவும் ஒருவன் இருந்தான். முந்தின அதிகாரத்தைப் பார். அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று எருசலேம் ஆலயத்தில் எல்லோருக்கும் முன்பாகச் சொன்னான். எரேமியா சொன்ன கணக்கோ 70 வருஷம். கடிதத்தை வாசித்தவர்களில் பெரும்பாலானோர் தங்கள் வாழ்நாளில் திரும்பப் போவதில்லை என்பதே அதன் பொருள். அப்படியானால் என்ன செய்வது? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், கலியாணம் முடித்துப் பிள்ளைகளைப் பெறுங்கள், உங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கும் அந்தப் பட்டணத்தின் நன்மையைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று கடிதம் சொல்கிறது. உன் அட்டையிலுள்ள வசனம் இத்தனைக்கும் பிறகுதான் வருகிறது. அது ஒரு தனி ஆளுக்குக் கொடுத்த வாக்கும் அல்ல; அந்நிய பட்டணமொன்றில் நாளாந்த வேலை செய்து பிழைக்க வேண்டிய ஒரு சனத்துக்குக் கொடுத்தது. அடுத்த இரண்டு வசனங்களையும் விடாதே. நீங்கள் என்னை நோக்கி ஜெபம் பண்ணுவீர்கள், முழு இருதயத்தோடு தேடினால் கண்டடைவீர்கள் என்கிறார் தேவன். எதிர்காலத்தைப் பற்றிய வாக்கும் அன்றாடம் அவரைத் தேடுவதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

வாக்குத்தத்த அட்டையை நான் குறை சொல்லவில்லை. நம் சபைகளில் எத்தனையோ தாய்மார் அதைப் பிடித்துக்கொண்டு யுத்த காலத்தைக் கடந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வசனத்தை மாத்திரம் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால், நாம் கேட்க விரும்புவதையே அது சொல்வதாக எண்ணிவிடுவோம். நம்மைத் திருத்துகிற சொல் பெரும்பாலும் அதற்கு மேலேயோ கீழேயோதான் இருக்கும்.

நீ இருக்கும் பட்டணத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார். 1983 ஜூலையில் புறக்கோட்டையில் நம்மவர்களின் கடைகள் எரிந்தன. 1987 ஏப்ரல் 21இல் மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து, வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதே ஏப்ரல் 21இல், 2019 உயிர்த்த ஞாயிறு அன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் பூசை நேரத்தில் குண்டு வெடித்தது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் தங்கள் செத்தவர்களை நினைத்துக்கொண்டு ஒரே தெருவில் வியாபாரம் செய்கிற இடம் அது. தங்களைச் சிறைபிடித்தவனின் பட்டணத்துக்காக ஜெபிக்கும்படி எரேமியா கேட்டபோது, அது எவ்வளவு கடினமான கட்டளையாக இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். நீ காலையில் ஜெபிக்கும்போது “கொழும்பை ஆசீர்வதியும்” என்று பொதுவாகச் சொல்லி முடிக்காதே. பக்கத்துக் கடை முதலாளியை, தேத்தண்ணி கொண்டுவரும் பொடியனை, பொலிஸ் காவலரணில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கேள். பெயர் தெரியாவிட்டால் விசாரித்துத் தெரிந்துகொள். அப்படி ஜெபிக்கத் தொடங்கியவர்களால் அந்தத் தெருவை வெறும் பிழைப்பிடமாகப் பார்க்க முடியாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து நீ கடைக்கு இறங்குகிற வழியில் வுல்வெண்டால் ஆலயம் நிற்கிறது. ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் பிரதிஷ்டை செய்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1759இல், இதே கொழும்பில் ஒரு தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. அதை மொழிபெயர்த்த பிலிப் த மெல்லோ 1723இல் கொழும்பிலே பிறந்த தமிழர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முற்றுப்பெற்றிருந்தது. ஆனால் நம் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், கிரேக்கமும் எபிரேயமும் படித்து, இந்தப் பட்டணத்தில் இருந்தபடி அந்த வேலையைச் செய்தது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றுகிறது. பின்னர் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து 1790இல் அங்கேயே காலமானார். சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்றில் அவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். மொழிபெயர்க்கிறவர் ஒரு வசனத்தை விரைந்து தாண்ட முடியாது. ஒவ்வொரு சொல்லிலும் நின்று, முன்னும் பின்னும் பார்த்து, விளங்கிய பிறகுதான் அடுத்ததற்குப் போவார். நாமும் அப்படி வாசிக்க வேண்டும்.

உன் அறையில் இருக்கிற மன்னார்ப் பிள்ளை கத்தோலிக்கர் என்றாயே, அவருக்கும் ஒன்று சொல். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் கண்டி அரசனின் ஆதரவோடு தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்துக்கென்று எழுதப்பட்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து வாசிக்கலாம். அப்போஸ்தலர் 8இல் இரதத்தில் இருந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய மந்திரிக்கும், விளக்கிச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் வேண்டியிருந்தது.

இனி எப்படி வாசிப்பது என்பதைச் சொல்கிறேன். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று என்றால் சரியாக ஒரு வருஷம். சனியும் ஞாயிறும் விட்டுப்போனதைப் பிடிக்கவும் ஆலயத்துக்கும். முழு வேதாகமம் 1189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்றும் ஞாயிறில் ஐந்துமாகப் போனால் அதுவும் ஒரு வருஷத்தில் முடியும். ஆனால் காலை ஏழரைக்கு வேலைக்கு இறங்குகிற உனக்கு அதை நான் இப்போது சொல்ல மாட்டேன். மாற்குவில் தொடங்கு, 16 அதிகாரம்தான். அதோடு ஒரு சங்கீதம். படுக்கையை விட்டு எழுந்ததும், போனைத் திறப்பதற்கு முன்பு வாசி. வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய வசனப் படத்தைப் பார்த்துவிட்டுத் தியானம் முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. அது எனக்கு மெய்யாகவே கவலை. தியானத்துக்கு ஒரே இடத்தில், வாயால் மெதுவாக, ஒரு அதிகாரத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். இரண்டாவது தரத்தில்தான் முதல் தரம் தவறவிட்டது தெரியும். நான்கு பேர் தங்கும் அறையில் தனிமை கிடைக்காது என்பாய். சத்தமில்லாமல் உதட்டை அசைத்து ஜெபித்த அன்னாளை ஆசாரியர் ஏலி குடித்து வெறித்திருப்பதாக நினைத்தார். கர்த்தர் அந்த ஜெபத்தைக் கேட்டார்.

பக்கத்தில் ஒரு கொப்பி வைத்துக்கொள். இந்தப் பகுதி தேவனை யார் என்று காட்டுகிறது, இதில் உள்ள மனிதர் என்ன செய்தார்கள், நான் இன்றைக்குச் செய்ய வேண்டியது என்ன என்று இரண்டு மூன்று வரி எழுது. மூன்றாவதை எழுதும்போது “இன்னும் அன்பாயிருப்பேன்” என்பது போல எழுதாதே. யாரிடம், எப்போது, எதை என்று எழுது. ஒன்றும் தோன்றாத நாட்களும் வரும். அன்றைக்குத் திகதியையும் அதிகாரத்தையும் மட்டும் எழுதிவிட்டு எழுந்து போ. உணர்ச்சி பொங்காததால் வேதம் வேலை செய்யவில்லை என்று எண்ணுவது தவறு. நெகேமியா எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, அரசன் அவரைப் பார்த்து ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்ட நாள் வரை நான்கு மாதம். அத்தனை நாளும் ஜெபித்துக்கொண்டு, அரசனுக்குப் பாத்திரம் நீட்டுகிற தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். வாசல் திறந்தபோது என்ன மரம் வேண்டும், யாருக்கு எந்தக் கடிதம் வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அலங்கம் 52 நாளில் கட்டி முடிந்தது.

உன் வேலையைத் தேவசித்தத்துக்கு வெளியே வைத்துப் பார்க்கிறாய் என்றுதான் உன் கடிதத்தை வாசித்தபோது எனக்குப் பட்டது. ஊழியம் செய்வோருக்குத்தான் அழைப்பு உண்டு, பில் எழுதுபவளுக்கு இல்லை என்று யாரோ உன் மனதில் பதித்துவிட்டார்கள். ஐரோப்பாக் கண்டத்தில் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டு விசுவாசித்ததாக அப்போஸ்தலர் 16 முதலில் பெயர் சொல்லும் ஆள் லீதியாள். தியத்தீராவிலிருந்து பிலிப்பிக்கு வந்து இரத்தாம்பரத் துணி விற்ற பெண். அவளை வியாபாரத்தை விடும்படி யாரும் சொன்னதாக அங்கே இல்லை. அவளுடைய வீடு அந்தப் பட்டணத்தின் விசுவாசிகள் கூடும் இடமாயிற்று.

துணிக்கடையில் இருக்கும் நீ லேவியராகமம் 19ஐயும் வாசிக்க வேண்டும். பலர் அந்தப் புத்தகத்தில் பலிகளைக் கண்டதும் நின்றுவிடுகிறார்கள், பெரிய இழப்பு. நீள அளவிலும் நிறையிலும் படியிலும் அநியாயம் செய்யாதே என்று அங்கே தேவன் சொல்கிறார், தாம் எகிப்திலிருந்து விடுவித்தவர் என்பதையே அதற்குக் காரணமாகச் சொல்கிறார். ஒரு மீற்றரில் ஒரு விரல்கடை குறைப்பது மீட்பைப் பற்றிய விஷயம் என்று எவர் நினைப்பார்? உபாகமம் 24 இன்னும் கிட்ட வருகிறது. கூலியாளின் கூலியை அன்றைக்கே, பொழுது சாய முன் கொடுக்க வேண்டும். அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்கிறது. லொறியிலிருந்து துணி மூட்டையை இறக்கித் தோளிலும் தள்ளுவண்டியிலும் ஏற்றி வருகிற நாட்டாமிமாரின் கூலிக் கணக்கு உன் கையால்தானே எழுதப்படுகிறது? சில இடங்களில் அதை நாளை, மறுநாள் என்று இழுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காசு கொடுப்பது முதலாளியாக இருக்கலாம். ஆனால் நாலு மணிக்கு அந்தத் துண்டைச் சரியாக எழுதி அவர் மேசையில் வைப்பதும், வைத்ததை ஒருதரம் நினைவூட்டுவதும் உன்னால் முடியும். உனக்கான தேவசித்தத்தின் ஒரு பகுதி அந்த மேசையில் இருக்கிறது. மீதியைப் பற்றி, கனடாவுக்கு மாமா கூப்பிட்டது, தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது பற்றியெல்லாம், நீ கேட்டதற்கு அவசரப்பட்டு ஒன்றும் சொல்ல மாட்டேன். வேதம் எந்த விமானத்தில் ஏறு என்று சொல்லாது. தினமும் அதனோடு இருப்பவர்களுக்கு எதை விரும்ப வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதைக் கற்றுக்கொடுக்கும்; தெரிவு செய்கிற மனதையே மாற்றும். உன் போதகரோடும் அம்மாவோடும் கதை. வருகிற விண்ணப்பங்களை நிரப்பு. தேவசித்தத்தைத் தேடுகிறேன் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்காதே.

மாற்கு முடிந்ததும் எரேமியாவுக்குத் திரும்பி 32ஆம் அதிகாரத்தை எடு. கணக்கு எழுதுகிற உனக்கு அது பிடிக்கும். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறார்கள், எரேமியா காவலில் இருக்கிறார், நகரம் விழப்போகிறது என்று அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருந்த ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். வெள்ளியைத் தராசில் நிறுத்து, சாட்சிகளைக் கையெழுத்திட வைத்து, முத்திரை போட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தம் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். எதிரி கையில் போகப்போகிற நிலத்துக்கு ஏன் இவ்வளவு ஒழுங்காகப் பத்திரம் எழுத வேண்டும் என்று யோசித்து, உன் கொப்பியில் எழுதி, அடுத்த கடிதத்தில் எனக்கு அனுப்பு. அம்மாவுக்கு மருந்து கிடைத்ததென்று சொல்.

அன்புடன்,
பெரியம்மா