விரல் நுனி வெடித்தால்

ஆத்தங்குடி டைல்ஸ் இன்றும் கையால்தான் வார்க்கப்படுகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துக் கலர் சிமென்ட்டை ஊற்றுகிறார்கள். இறுகிய கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். ஈர சிமென்ட்டின் காரம் தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்றுவிடும். காய்ப்பேறிய விரல் நுனி காய்ந்ததும், நகத்தோரமாகப் பிளந்துகொள்ளும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இதே பாடுதான்.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கையை அலசுங்கள். துணி சோப்பு வேண்டாம், அதுவும் காரம்தான்.

ராத்திரி வைத்தியம்தான் முக்கியம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் விரலை ஊறவைத்துத் துடையுங்கள். வெடிப்பின் இரு ஓரமும் தடித்து நிற்கும். விரலை மடக்கும்போதெல்லாம் அந்தத் தடிப்புதான் பிளவை இழுத்து விரிக்கிறது. நகம் தேய்க்கும் அரத்தால் அதை மட்டும் மெல்லத் தேய்த்துச் சமமாக்குங்கள், ரத்தம் வரும்வரை போகாதீர்கள். பாறை ஏறும் விளையாட்டுக்காரர்கள் செய்வதும் இதேதான். பிறகு வாசலினைத் தாராளமாகத் தடவி, பருத்தித் துணி சுற்றிப் படுங்கள்.

மறுநாள் வேலைக்குப் போயே ஆகவேண்டுமென்றால், பிளவின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டி, மேலே ரப்பர் கையுறை போடுங்கள். உள்ளே சிமென்ட் புகுந்தால் உடனே கழற்றிக் கழுவுங்கள்; மூடிய கையுறைக்குள் அது இன்னும் மோசமாக அரிக்கும்.

வெடிப்பில் சுண்ணாம்பு வைக்கவே வைக்காதீர்கள்.

சீழ், வீக்கம் கண்டாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கையெல்லாம் அரித்துத் தடித்தால் அது சிமென்ட்டில் உள்ள குரோமியத்தால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். வாசலினால் மட்டும் தீராது.