உலை வைக்கும் முன்பே குறைகிறது குப்பை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எருத்தேன்பதியில் குடும்பமாகச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறோம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. இரண்டுக்கும் ஒரே சமையல்கட்டு என்பதால், கடைக் கழிவும் வீட்டுக் கழிவும் என் கண்ணெதிரேதான் சேரும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியான விஷயம் ஒன்று உண்டு. குப்பையைக் குறைக்கிற வேலை அரிசி அளக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். கழுநீர்ப் பானை, உரப்பெட்டி, பிளாஸ்டிக் சாக்கு எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்தும், 28 சதவீதம் உணவகம் போன்ற இடங்களிலிருந்தும் போயிருக்கிறது. அதாவது பெரும்பங்கு நம் கை வழியாகத்தான் போகிறது. நம் கையால் குறைக்கவும் முடியும்.

அளவு நோட்டு

சமையல்கட்டுச் சுவரில் ஒரு நோட்டு தொங்குகிறது. எத்தனை படி அரிசி போட்டோம், என்ன மிஞ்சியது, சாப்பிட்ட இலையில் எது திரும்பி வந்தது, அன்றைக்கு என்ன நாள்: இவ்வளவுதான் எழுதுவோம். முகூர்த்தம், அமாவாசை, பக்கத்து ஊர் நோம்பி, மழை என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டம் மாறும். கொஞ்ச நாள் எழுதினாலே எந்த நாளுக்கு எவ்வளவு போதும் என்பது பிடிபட்டுவிடும்.

சோற்றை ஒரே உலையில் வடித்துக் குவிப்பதில்லை. முதல் உலை பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்கு. வருகிற ஆட்களைப் பார்த்துத்தான் இரண்டாவது உலை. தேங்காய்ச் சட்னி எங்கள் ஊர் வெயிலுக்குத் தாங்காது. அதையும் இரண்டு தடவையாக அரைப்போம்.

பரிமாறுவதிலும் அதே கணக்குதான். முதலில் கொஞ்சமாக வைத்துவிட்டு, "இன்னும் வைக்கட்டுங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டு வைத்த சோறு இலையில் மிஞ்சுவது குறைவு. ஒரே பொரியல் பல இலைகளில் அப்படியே திரும்பி வந்தால் உப்பு, வேக்காடு, நறுக்கு மூன்றையும் பார்க்க வேண்டும். சாப்பிடுபவர் வாய்திறந்து சொல்லாததை எச்சில் இலை சொல்லிவிடும்.

மிஞ்சியதும் சீவியதும்

மாவுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை. புளித்துவிட்டால் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு ஊத்தப்பம், இல்லையென்றால் பணியாரம். பீர்க்கங்காய்த் தோலும் சௌசௌத் தோலும் துவையலுக்கு ஆகும். கொத்தமல்லித் தண்டை நசுக்கி ரசத்தில் போடலாம். வேலந்தாவளம் சந்தையில் விலை மலிவு என்று மூட்டையாக வாங்கி அழுகவிடுவதைவிட, தேவைக்கு வாங்குவதே லாபம்.

சோறு மிஞ்சினால் இரவுவரை அப்படியே வைக்கக்கூடாது. கெட்டுப்போன பிறகு தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. நன்றாக இருக்கும்போதே ஊற்றினால் காலையில் மோரும் மோர்மிளகாயுமாகப் பழைய சோறு. கறிக்குழம்பு, முட்டை, பிரியாணி மீதியை மறுநாள் விற்கவே கூடாது. மிச்சம் பிடிப்பதற்காக இன்னொருவர் வயிற்றைக் கெடுக்கலாகாது. கடை அடைக்கும் நேரத்தில் நன்றாக இருப்பதை அன்றைக்கே பாதி விலைக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

எண்ணெய் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெய் சிதைந்து, அதில் போலார் சேர்மங்கள் கூடிக்கொண்டே போகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் உணவுப் பாதுகாப்புத் துறையின் விதி. நுரைத்தாலோ, கறுத்தாலோ, காரல் வாடை வந்தாலோ நிறுத்திவிட வேண்டும். சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரித்தால் மிஞ்சும் எண்ணெயும் குறையும். மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, பயோடீசலுக்கு எடுக்கும் அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்கலாம்.

தூக்குப்போசி

கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1இலேயே வந்துவிட்டது. இரண்டு பக்கத்து ஆட்களும் வந்துபோகிற கடை எங்களுடையது. தூக்குப்போசி கொண்டுவருபவருக்கு ஒரு கரண்டி குழம்பு சேர்த்து ஊற்றுவோம். அந்த ஒரு கரண்டி, பார்சல் கவருக்கு ஆகிற செலவைவிடக் குறைவு. மற்றவர்களுக்கு வாழையிலைப் பொட்டலம். செய்தித்தாளில் உணவு படக்கூடாது, அச்சு மை ஆகாது.

மூன்று பாத்திரம்

இத்தனைக்கும் பிறகு சேர்வதைக் கலக்காமல் பிரித்து வைப்பது முக்கியம்.

கழுநீர்ப் பானை: அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல். சித்தூர் வட்டாரம் பால்மாடுகளுக்குப் பெயர்போனது. பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார். பிளாஸ்டிக் துணுக்கு, ரப்பர் பேண்டு, முள், எலும்பு எதுவும் அதில் விழக்கூடாது. மாடு பிரித்துப் பார்த்துத் தின்னாது.

உரப்பெட்டி: மாட்டுக்கு ஆகாதவை எல்லாம் இதில். திருச்சூர் மாவட்டம் தும்பூர்முழி கால்நடைப் பண்ணையில் உருவான முறை எளிமையானது. நாலடி நீளம், அகலம், உயரத்தில் காற்றோடும் பெட்டி. அதில் சாணம், காய்ந்த சருகு, கழிவு என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். காற்று நன்றாகப் புகுவதால் நாற்றம் எழாது. பெட்டி நிறைந்த பிறகு மூன்று மாதத்தில் உரம். ஈரம் கூடினால் சருகைக் கூட்டினால் போதும். இங்கே தென்னை மட்டைக்கும் சருகுக்கும் பஞ்சமில்லை.

உரம் என்ற பெயரில் யார் எதைக் கொடுத்தாலும் மண்ணில் போடக்கூடாது என்பது எங்கள் வட்டாரம் பட்டறிந்த பாடம். பக்கத்துப் பெருமாட்டி ஊராட்சியில், பிளாச்சிமடை கோக்கோ கோலா ஆலையின் கசடு விவசாயிகளுக்கு உரமாகத் தரப்பட்டது. 2003இல் சோதித்தபோது அதில் காட்மியமும் ஈயமும் இருப்பது தெரிந்தது. நம் உரத்தில் என்ன இருக்கிறது என்பது நமக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் சாக்கு: கழுவி, காயவைத்துப் போட வேண்டும். ஊராட்சியின் ஹரித கர்ம சேனைச் சேச்சிமார் வீடுவீடாக வந்து எடுக்கிறார்கள். அழுக்குக் கவரைத் தனித்தனியாகப் பிரிக்கும் கை அவர்களுடையதுதான். பால் கவரின் மூலையை முழுசாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறுங்கள். வெட்டி விழும் துணுக்கை யாராலும் பொறுக்க முடியாது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதைத் தோட்டந்தோட்டமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எரிக்கவும் கூடாது. புகை நம் பிள்ளைகளுக்குத்தான்.

எல்லை தாண்டினால் தீருமா?

கேரளக் கழிவை லாரியில் ஏற்றி இரவில் தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டுவது பல வருஷத் தொல்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைக் கேரளமே அள்ளிப்போக வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. லாரிகள் வந்து அள்ளிப்போயின. எங்களுக்கு எல்லை என்பது நடந்து கடக்கிற தூரம். அந்தப் பக்கத்துக் கிணறும் எங்கள் சொந்தக்காரர் கிணறுதான். நம் வாசலில் வேண்டாம் என்பதை அடுத்தவர் வாசலில் போட நமக்கு உரிமை கிடையாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. நாளைக்கு ஒரு நோட்டும் பேனாவும் சமையல்கட்டில் வையுங்கள். மிஞ்சியதை மட்டும் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். எந்தப் பண்டம் அடிக்கடி எழுதப்பட்டிருக்கிறதோ, அதன் அளவை முதலில் குறையுங்கள். அது கைவந்த பிறகு அடுத்ததற்குப் போகலாம்.