குதிரை ஏறியவரும் கழுதை ஏறியவனும்

நாவல் எழுத வந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஏற்றத்தாழ்வுள்ள இருவரின் நட்பை எழுதப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும், செர்வாண்டிஸின் ‘டான் கிஹோத்தே’யைப் படித்துவிட்டு வாருங்கள் என்பேன். முதல் பாகம் 1605இல் வந்தது, இரண்டாவது 1615இல். வீரசாகசக் கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்து, தன்னை மாவீரன் என நம்பிப் புறப்படுகிறார் ஸ்பெயினின் லா மாஞ்சாவைச் சேர்ந்த சிறு நிலக்கிழார் ஒருவர். கூடவே கழுதையில் போகிறான் எழுத்தறியாத உழவன் சான்சோ பான்சா. அவர்களிடம் நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

1. கூடப் போவதற்கு உருப்படியான காரணம் கொடுங்கள். சான்சோ பாசத்தால் கிளம்பவில்லை. ஒரு தீவுக்கு ஆளுநராக்குகிறேன் என்று ஆசை காட்டியதால்தான் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறான். பாசம் வழியில் வந்து சேர்கிறது.

2. பணத்தை எழுதுங்கள். இளையவர்கள் பலரும் இங்கேதான் கூச்சப்படுகிறார்கள். நட்புக்கு நடுவே கூலிப் பேச்சு வந்தால் நட்பு கறைபடும் என்று பயம். இரண்டாம் பாகத்தின் 7ஆம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். மனைவி தெரேசா சொல்லி அனுப்பியபடி, மாதச் சம்பளம் இவ்வளவு என்று பேசி முடிவு செய்யுங்கள் என்கிறான் சான்சோ. நான் படித்த எந்தக் கதையிலும் வீரனின் பணியாள் சம்பளம் வாங்கியதில்லை, விருப்பமில்லாவிட்டால் வீட்டிலேயே இரு, எனக்கு வேறு ஆள் கிடைக்கும் என்கிறார் எஜமானர். நானில்லாமல் இவர் கிளம்பமாட்டார் என்று நம்பியிருந்தவனுக்கு முகம் வாடிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து, படித்த இளைஞன் சம்சோன் கர்ராஸ்கோ வந்து, நானே பணியாளாக வருகிறேன் என்கிறான். சான்சோவின் கண் கலங்கிவிடுகிறது. சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறான். அன்பைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்து இந்த நட்பின் மிக நெருக்கமான இடம் இதுதான்.

3. சமபந்தி போட்டுவிட்டால் சமத்துவம் வந்துவிடாது. ஆட்டிடையர்களோடு தங்கும் இரவில், என் பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டிலேயே சாப்பிடு என்கிறார் டான் கிஹோத்தே. என் மூலையில் தனியாக, மெல்லுவதற்கும் தும்முவதற்கும் யாரையும் பார்த்துக் கூச்சப்படாமல் சாப்பிடுவதே எனக்குச் சுகம் என்கிறான் சான்சோ. அவரோ கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுகிறார். கொடுப்பவருடைய பெருந்தன்மையிலும் அதிகாரம் இருக்கிறது. அதைப் பார்க்கக் கண் வேண்டும்.

4. அடியை மறைக்காதீர்கள். ஓரிடத்தில் இரவெல்லாம் கேட்ட பயங்கரச் சத்தம், துணி துவைக்கும் ஆலையின் ஆறு சம்மட்டிகள் எழுப்பியது என்று விடிந்ததும் தெரிகிறது. சான்சோ விழுந்து விழுந்து சிரிக்கிறான். எஜமானரின் ஈட்டிக் கம்பால் அடி விழுகிறது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்கிறார். ஆனாலும் இனிமேல் வாயை அடக்கிப் பேசு என்றும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

5. கீழே இருப்பவனுக்கும் பலம் கொடுங்கள். வழியில் கழுதையேறி வரும் மூன்று நாட்டுப்புறப் பெண்களைக் காட்டி, ஒருத்திதான் நீங்கள் மனத்தில் வரித்திருக்கும் காதலி துல்சினேயா என்று சான்சோ எஜமானரையே ஏமாற்றுகிறான். பின்னொரு நாள் தன்னைக் கடிவாள வாரால் அடிக்க வந்தவரைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை வைத்து அழுத்துகிறான். இவ்வளவும் செய்கிறவன்தான், இந்த மனிதருக்குக் கள்ளங்கபடம் தெரியாது, அதனாலேயே விட்டுப் போக மனம் வரவில்லை என்று இன்னொரு பணியாளிடம் சொல்கிறான். விசுவாச ஊழியன் என்ற ஒற்றைக் குணத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் அந்தப் பாத்திரத்துக்கு அநியாயம் செய்கிறார்கள்.

6. முடிவில் கணக்கு வரட்டும். சாகுமுன் டான் கிஹோத்தேக்குப் புத்தி தெளிகிறது. சாகாதீர்கள், எழுந்திருங்கள், ஆட்டிடையர்களாக வயல்வெளிக்குப் போவோம் என்று கெஞ்சுகிறான் சான்சோ. கனவு இப்போது அவனிடம் இருக்கிறது. அவர் எழுதும் உயிலில், சான்சோ கையில் இருக்கும் என் பணத்துக்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது, நான் தரவேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தையும் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்கிறார். மறுக்கப்பட்ட சம்பளம் இங்கே வந்து சேர்கிறது.

உங்கள் கதையின் இருவரில் யார் யாருக்கு என்ன பாக்கி? முதல் அத்தியாயம் எழுதுமுன் அதைத் தாளில் எழுதி வையுங்கள்.