ஐம்பதிலும் வளையும்



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் பெரியோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் பழமொழி. ஒழுக்கத்திற்கும் கல்விக்கும் இது மிகவும் பொருந்தும். ஆனால், உடலைப் பொறுத்தவரை இதைப் பாதி உண்மை என்றே கொள்ளவேண்டும். ஐந்தில் வளைந்த உடல் தொண்ணூறிலும் வளையும் என்பது உண்மை. ஐந்தில் வளையாத உடல் பிறகு வளையவே வளையாது என்பது உண்மையன்று. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதுமையில் உடலுக்கு நேர்வது என்ன?

முப்பது வயதிற்குப்பின் நம் தசைகள் சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகின்றன. அறுபதைத் தாண்டியதும் இந்தக் குறைவு வேகமடைகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின், எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது. எலும்பு தன் அடர்த்தியை இழக்கிறது. பார்வையும் காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பும் மந்தமாகின்றன. இவை எல்லாம் கூடி விளைவிக்கும் பெருந்தீங்கு, தடுக்கி விழுதல். அறுபத்தைந்து வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழுகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இளம் வயதில் விழுந்தால் முழங்கால் சிராயும். முதிய வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அதன்பின் பலர் படுக்கையை விட்டு எழுவதே இல்லை.

படுக்கையும் ஒரு பகையே. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள முதியோர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அந்தப் பத்தே நாளில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது! "பாட்டி, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நான் எடுத்துத் தருகிறேன்" என்று நாம் அன்போடு சொல்லும் சொல்லே, நாள்தோறும் தொடர்ந்தால், அவர்களுடைய கால்களின் வலிமையைக் களவாடிவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டுச் சான்றுகள்

யோகக்கலை நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. யோக சூத்திரத்தை இயற்றியவராகப் போற்றப்படும் பதஞ்சலி முனிவர் தில்லையில் தங்கியிருந்தார் என்பது சிதம்பரத்தின் தலமரபு. அங்குள்ள கோபுரங்களில் 108 நடனக் கரணங்களும் சிற்பங்களாக நிற்கின்றன. மனித உடல் எத்தனை விதமாக வளையும் என்பதற்குக் கல்லில் எழுதிய பாடமென அவற்றைக் கூறலாம். இனி, நம் காலத்தில் வாழ்ந்தோரைப் பார்ப்போம்.

பொள்ளாச்சிக்கு அருகில் 1920ஆம் ஆண்டு பிறந்தவர் நானம்மாள். எட்டு வயதில் தந்தையாரிடம் ஆசனம் பயின்றார். திருமணம், மக்கட்பேறு, குடும்பப் பொறுப்பு என எது வந்தபோதும் பயிற்சியை விடவில்லை. கோயம்புத்தூரில் தொண்ணூறு வயதிற்கு மேலும், சேலை உடுத்தியபடியே ஆசனங்களைச் செய்துகாட்டிப் பிறருக்குக் கற்பித்தார். 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது இவரைத் தேடி வந்தது. 2019 அக்டோபரில், 99ஆம் வயதில் மறைந்தார்.

நம் அண்டை ஊரான புதுச்சேரியில் வளர்ந்தவர் தாவோ போர்சோன் லிஞ்ச். எட்டு வயதில் கடற்கரையில் சிறுவர்கள் யோகம் பயில்வதைக் கண்டு தாமும் கற்க விரும்பினார். "அது பெண் பிள்ளைகளுக்கு ஏற்றதன்று" என்றார் அவருடைய அத்தை. சிறுவர்களால் முடியுமென்றால் தம்மாலும் முடியும் என்றார் சிறுமி! பிற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறிய இவரை, 93ஆம் வயதில், உலகின் மிக முதிய யோக ஆசிரியை எனக் கின்னஸ் நூல் 2012இல் பதிந்தது. இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரும் கற்பிப்பதை நிறுத்தாமல், 101 வயது வரை வாழ்ந்து 2020இல் மறைந்தார்.

சென்னையில் 1989இல், நூறு வயதைக் கடந்து மறைந்த யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார், 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது படுக்கையில் இருந்தபடியே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டாராம். ஆளுக்கேற்ற பயிற்சியே தேவை, பயிற்சிக்கேற்ற ஆள் அன்று என்பது அவர் வழி. முதியோருக்கு இதைவிடச் சிறந்த விதி வேறில்லை.

பிந்தித் தொடங்கினால் பயனுண்டா?

"இவர்கள் எல்லாம் சிறு வயதிலேயே தொடங்கியவர்கள் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு விடை 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிடைத்தது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு மருத்துவர்கள் எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு பெருகியது. ஊன்றுகோலுடன் நடந்தவர்களில் இருவர் அதைக் கைவிட்டனர். ஆகவே, தொண்ணூறில்கூடத் தசை கற்றுக்கொள்ளும். வளைவதற்குக் காலங்கடந்துவிட்டது என்று யாரும் சோர்ந்திருக்க வேண்டியதில்லை.

வேலை வேறு, பயிற்சி வேறு

"எங்கள் பாட்டி நாள் முழுவதும் உழைப்பவர், அவருக்கு எதற்குப் பயிற்சி?" என்போரும் உண்டு. கடலூர் முதுநகரில் மீன்கூடை சுமக்கும் பெண்களையும், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களையும் பாருங்கள். உழைப்பில் அவர்களுக்கு நிகர் யார்? ஆனால், வேலை ஒரே உறுப்பை ஒரே பக்கமாக வளைக்கிறது. கழுத்தையும் முதுகையும் தேய்க்கிறது. பயிற்சியோ வளைந்ததை நிமிர்த்துகிறது, அசையாததை அசைக்கிறது. உழைப்போருக்குத் தளர்த்தும் ஆசனங்களும், மிக்சி, கிரைண்டர், மோட்டார் வந்தபின் உட்கார்ந்தே இருப்போருக்கு வலுவூட்டும் பயிற்சிகளும் தேவை.

வீட்டில் செய்யத்தக்கவை

1. எழுந்து அமர்தல்: சுவரோரம் போட்ட, கையில்லாத உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கையூன்றாமல் மெல்ல எழுந்து மெல்ல அமர்தல். ஐந்து முறையில் தொடங்கிப் பத்துக்கு உயர்த்தலாம். முடியாதவர் முதலில் கையூன்றிச் செய்யட்டும்.

2. தாடாசனம்: ஜன்னல் கம்பியைப் பற்றி நிமிர்ந்து நின்று, குதிகால்களை உயர்த்தி இறக்குதல்.

3. விருட்சாசனம்: கம்பியை விடாமல் ஒரு காலில் நிற்றல். மறு பாதத்தைக் கணுக்கால் அருகே வைத்தால் போதும். தொடை வரை உயர்த்த வேண்டியதில்லை.

4. மூட்டுச் சுழற்சி: நாற்காலியில் அமர்ந்து மணிக்கட்டு, தோள், கணுக்கால்களை இருபுறமும் சுழற்றுதல்.

5. மூச்சும் ஓய்வும்: மெல்ல மூச்சை இழுத்து, அதைவிட நிதானமாக வெளிவிடுதல், முடிவில் சவாசனம். இவற்றை எச்சமயத்தவரும் செய்யலாம். மூச்சின் அமைதியில் தாம் அறிந்த செபத்தைச் சொல்வோர் சொல்லட்டும்.

இவற்றோடு நடையும் வேண்டும். வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளேனும் தசைப் பயிற்சி, மூன்று நாளேனும் சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி என்பது முதியோருக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு. சில்வர் பீச்சுக்குச் செல்வோர் வெயிலுக்கு முன் செல்லட்டும். காலடி புதையும் மணலைவிடச் சமதரையே முதியோருக்குப் பாதுகாப்பு.

எச்சரிக்கை

இரத்த அழுத்தமும் கண் நீரழுத்த நோயும் உள்ளோர் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். மூச்சை அடக்கவும் கூடாது. எலும்பு மெலிந்தோர் முதுகை வளைத்து ஆழக் குனியலாகாது. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்தோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்கவேண்டும். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், புதிய மூட்டுவலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். யோகம் மருந்துக்கு மாற்றன்று; சர்க்கரைக்கும் அழுத்தத்திற்கும் உண்ணும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துதல் பெரும் பிழை.

நம் கடமை

பெற்றோரே, வீட்டுப் பெரியவர்களுக்கு ஓய்வு கொடுங்கள். ஆனால் வேலையற்றவர்களாக ஆக்கிவிடாதீர்கள். கீரை ஆய்வதும், செடிக்கு நீர் ஊற்றுவதும், வாசலில் கோலமிடுவதும் அவர்களுக்கு உடற்பயிற்சி மட்டுமல்ல. "இவ்வீட்டிற்கு நான் வேண்டும்" என்ற மனநிறைவுமாகும்.

மாணவியரே, கோயிலில் முழந்தாளிட இயலாமல் பெஞ்சில் அமர்ந்தே செபிக்கும் பாட்டியரையும், நமக்குக் கற்பித்து ஓய்வு பெற்ற அருட்சகோதரிகளையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். பள்ளியில் நீங்கள் கற்கும் ஆசனங்களில் எளியவற்றை அவர்களுடன் அமர்ந்து பத்து நிமிடம் செய்யுங்கள். அவர்கள் விழாமல் இருக்க அருகில் நில்லுங்கள். இன்று நம் எலும்புகள் வளரும் பருவம். இப்போது சேர்க்கும் வலிமையே நம் முதுமைக்கான சேமிப்பு. ஐந்தில் வளைவோம், ஐம்பதில் வளைவோர்க்கும், எண்பதில் வளைய முயல்வோர்க்கும் தோள் கொடுப்போம்!