நம்பர் எடுக்கிற தம்பியைத் திட்டுவதற்கு முன்

தங்கச்சி, புதன், சனி, ஞாயிறு வந்தால் நாலு நம்பர் குலுக்கலுக்காக நம்பர் கடைப் பக்கம் போகிறவர் உன் வீட்டில் இருந்தால் இது உனக்குத்தான். பிரிக்ஃபீல்ட்ஸுக்குச் சாப்பிடப் போனாலும் கிள்ளானுக்குத் துணி எடுக்கப் போனாலும் வழியில் ஒரு நம்பர். அத்தை கனவில் பாம்பு வந்தால் ஒன்று, ரோட்டில் மோதிக் கிடக்கும் காரின் பிளேட்டுக்கு இன்னொன்று. "பட்டால்தான் புத்தி வரும், விடு" என்பார்கள் பெரியவர்கள். பட்டும் வராதவர்கள் இருக்கிறார்களே!

ஜெர்மனியில் லைப்சிக் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2007இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 26 ஆண்களுக்குத் திரையில் இரண்டிரண்டு குறிகளாகக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சரியா தப்பா என்று உடனுக்குடன் பதில் வரும். மூளையில் டோப்பமின் என்ற ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் டி2 ஏற்பிகள் சிலருக்குப் பிறப்பிலேயே 30 விழுக்காடு வரை குறைவு. அதற்குரிய மரபணு வகை உள்ளவர்கள் நல்ல குறியை மற்றவர்களைப் போலவே கற்றுக்கொண்டார்கள். கெட்டதைத் தவிர்க்கத்தான் திணறினார்கள்.

உடனே மாமியார் வீட்டு ரத்தம் என்று ஆரம்பிக்காதே. 26 பேர் கொஞ்சம்தான். இதே மரபணுப் பகுதியை 1990இல் குடிநோயோடு முடிச்சுப் போட்டு அமெரிக்காவில் பெரிய பேச்சானது; பின்னால் வந்த பல ஆய்வுகளில் அது நிற்கவில்லை. சூதுப் பழக்கத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டென்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அது பல மரபணுக்கள் சிறுகச் சிறுகச் சேர்ந்த பங்கு. எச்சில் அனுப்பி மரபணுவைப் பரிசோதிக்கிற காசை மிச்சம் பிடி.

நட்டத்தால் பாடம் ஏறாதவரிடம் நட்டத்தைச் சொல்லித் திட்டி என்ன பயன்? கணக்கைக் கண்ணில் காட்டு. 0000 முதல் 9999 வரை 10,000 நம்பர், பரிசு 23க்குத்தான். 1 வெள்ளி 'பிக்' போட்டால் முதல் பரிசு 2,500 வெள்ளி. ஆனால் 10,000 நம்பரையும் நம்பருக்கொரு வெள்ளி போட்டு நீயே வாங்கினாலும் 23 பரிசும் சேர்த்துக் கைக்கு வருவது 6,400 வெள்ளி. மீதி 3,600 போனதுதான். பழைய டிக்கெட்டுகளைக் கிழிக்க விடாமல் டப்பாவில் போட்டு வை. சம்பள நாளில் அவரே கூட்டட்டும். எப்போதோ பரிசாக விழுந்த 180 வெள்ளி ஞாபகம் இருக்கும், போனது இருக்காது.

"ஒரே நம்பர்ல போச்சு" என்று வந்தால் நீயும் அடடா போடாதே. கேம்பிரிட்ஜில் 2009இல் ஸ்லாட் மெஷின் மாதிரி விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள்: மயிரிழையில் தவறியதற்கும், ஜெயித்தால் விழிக்கும் மூளைப் பகுதிகள் விழித்தன. தோற்ற ஆள் இன்னும் ஆடவே ஆசைப்படுகிறார்.

குலுக்கல் பரபரப்பு வேண்டுமா, பி.எஸ்.என். வங்கியில் எஸ்.எஸ்.பி. சான்றிதழ் இருக்கிறது. யூனிட் 10 வெள்ளி, அதற்கும் குலுக்கல் உண்டு, விழாவிட்டாலும் போட்ட முதல் பத்திரமாக இருக்கும். பணக்காரியாக்காது, ஆனால் நம்பர் கடைக் காசு வீட்டிலேயே தங்கும். இ.பி.எஃப். விஷயத்திலும் ஒரு கண் வை. 2024 மே மாதத்திலிருந்து புதுச் சந்தாவில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்குப் போகிறது. விட்டதைப் பிடிக்க நினைப்பவருக்கு ஃபோனிலேயே கஜானா.

கடன், ஆலோங் (வட்டி முதலை) என்று போய்விட்டால் டிப்ஸ் போதாது. அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்து மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்கு.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் இருந்து, இந்த வயதில் திடீரென்று நம்பர் பைத்தியம் பிடித்தால் அது குணக்கேடு இல்லை. டோப்பமின் போல வேலை செய்யும் சில மாத்திரைகள் அப்படிச் செய்யும். டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல். மருந்தை நீயாக மட்டும் நிறுத்தாதே.