கேட்கக் கூச்சப்படாதே, மகள்

வில்கமுவ,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நேற்றுப் போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். தாளில் எழுதினால் பேக்கில் கிடக்கும், பஸ்ஸில் இருந்து ஆறுதலாக வாசிக்கலாம். அதுதான் உன் தம்பியின் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உன்னோடு வரப்போகிறவனும் அவன்தானே, அவனும் வாசிக்கட்டும்.

"கொழும்புக்கு எவ்வளவு காசு கொண்டு போகணும் பெரியப்பா?" என்று கேட்டாய். ஒரு தொகையைச் சொல்ல எனக்குப் பயம். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருசத்துக்கு முந்தியதைவிடக் கிட்டத்தட்ட 70 வீதம் ஏறி நின்றது. பிறகு அந்த வேகம் அடங்கியது. வேகம் அடங்கியதே தவிர, ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கி வரவில்லை. அதனால் என் காலத்துக் கணக்கு உனக்கு உதவாது. போன மாதம் போய் வந்த யாரிடமாவது பஸ் காசையும் சோற்றுப் பார்சலின் விலையையும் கேட்டுக்கொள். எனக்குத் தெரிந்தது வேறொன்று: கையில் இருக்கும் காசு எந்த ஓட்டையால் ஒழுகும் என்பது.

நான் முதன்முதல் கொழும்பு போனது வாழைக்குலை ஏற்றிய லொறியில். மெனிங் சந்தை அப்போது புறக்கோட்டையில் இருந்தது. 2020இல்தான் பேலியகொடைக்குக் கொண்டுபோனார்கள். குலையை இறக்கிவிட்டு, பசியோடு ஒரு சைவக்கடைக்குள் போய் இருந்தேன். நான் வாய் திறக்க முதலே ஒரு பெரிய தட்டில் உழுந்து வடை, கடலை வடை, போண்டா என்று எட்டுப் பத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலை சுற்றியது. இவ்வளவுக்கும் காசு கொடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்கவும் வெட்கம், மிச்சம் வைக்கவும் மனமில்லை. இரண்டு போதுமான வயிற்றுக்குள் அவ்வளவையும் தள்ளினேன். எழும்பும்போது பக்கத்து மேசைக்காரர் ஒரு வடையும் ஒரு பிளேன்டீயும் எடுத்து, அந்த இரண்டுக்கும் மட்டும் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு முன்னாலும் அதே மாதிரி நிறைந்த தட்டு. எடுத்ததற்குத்தான் காசு, மிச்சம் உள்ளே திரும்பிப் போகும். "இதெல்லாம் எனக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அன்றைய என் கூலியில் பாதியை அந்தத் தட்டில் விட்டேன். பின்னேரம் வரை வயிறும் விட்டபாடில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கொழும்பு போய்விட்டேன். வீணாகக் காசு போன ஒவ்வொரு தரத்தையும் நினைத்துப் பார்த்தால், எங்கோ ஓரிடத்தில் கேட்க வெட்கப்பட்டிருப்பேன். ஆட்டோவில் ஏற முதல் கட்டணம் கேட்க வெட்கம். கண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்க வெட்கம். கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்ப வெட்கம். நாட்டுப்புறத்தான் என்று நினைத்துவிடுவார்களே என்று கொடுத்த காசுதான் அவ்வளவும். உன்னைக் கொழும்பில் யாருக்கும் தெரியாது மகள். தெரியாத ஊரில் யாரைப் பார்த்து வெட்கம்?

இனி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கடதாசிகள். ஒரு தாள் குறைந்தால் பயணச் செலவு இரட்டிப்பாகும். நேர்முகப் பரீட்சை அழைப்புக் கடிதத்தில் கேட்டதையெல்லாம் ஒரு துண்டில் எழுதி ஒவ்வொன்றாக வெட்டு. கிராம உத்தியோகத்தர் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தின் கையொப்பமும் வேண்டுமென்றால் அதைத் திங்கள், செவ்வாய்க்குள் எடுத்துவிடு. ஃபோட்டோ கொப்பியை இங்கேயே அடித்துக்கொள். கந்தோர் வாசலில் இருக்கும் கொப்பிக் கடைக்காரனுக்கு உன் அவசரம் தெரியும், அவன் விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும். வேறு ஏதாவது அலுவலையும் சேர்த்து முடிக்க நினைத்தால், அது மாத்தளையிலோ கண்டியிலோ முடியுமா என்று முதலில் கேள். பாஸ்போர்ட்டுக்குக்கூட இப்போது கண்டியிலேயே பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது. கலண்டரையும் பார்த்துக்கொள், போயா நாளில் கந்தோரும் இல்லை, மியூசியமும் இல்லை.

நேர்முகப் பரீட்சை வியாழன் காலை 9 மணிக்கு. அன்று விடியப் புறப்பட்டு நேரத்துக்குப் போய்ச் சேர ஏலாது. இரவில் புறப்படலாம் என்று தம்பி சொல்வான், கேட்காதே. வஸ்கமுவக் காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருட்டில் சந்தியில் நிற்பது எவ்வளவு புத்தியான வேலை என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. யானைக்கு நேர்முகப் பரீட்சை தெரியாது. புதன் காலை வெளிச்சம் வந்த பிறகு முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.

ஹசலக்க பக்கத்தால் போனால் பதினெட்டு வளைவு ஏற வேண்டும். தம்பிக்கு வாந்தி வரும், ஒரு தேசிக்காயைக் கையில் கொடு. உன்னஸ்கிரிய தாண்டி மெதமகாநுவர வரும்போது வெளியே பார். கண்டியின் கடைசி அரசர் சிறீ விக்கிரம ராஜசிங்கனை 1815இல் அந்தப் பக்கத்தில்தான் பிடித்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும். மற்றப் பாதை றிவர்ஸ்டன் மலையால் இறங்கி ரத்தோட்டை வழியாக மாத்தளைக்கு. அங்கே 1880இலிருந்து ரயில் இருக்கிறது. எந்தப் பாதையால் போனாலும், ரயில் நேரம் சரிவந்தால் மூன்றாம் வகுப்பில் ஏறுங்கள். பஸ்ஸைவிட மலிவு, ஏசி பஸ்ஸோடு ஒப்பிட்டால் மிக மலிவு. டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதே, இறங்கும் ஸ்டேசனில் வாசலில் வாங்குவார்கள்.

கோட்டை ஸ்டேசனில் இறங்கியதும் "எங்க போகணும் மிஸ்?" என்று நாலு பேர் சூழ்வார்கள். சிரித்துக்கொண்டே தாண்டிப் போ. வெள்ளவத்தையில் அத்தை வீட்டுக்கு ஆட்டோ தேவையே இல்லை. அதே ஸ்டேசனில் கரையோர ரயிலுக்கு டிக்கெட் எடு. கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. கடலோரமாகவே போகும், சில இடத்தில் அலை தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்து அடிக்கும். கந்தோர் விடும் நேரத்தில் காலி வீதியில் 100, 101 பஸ்கள் ஊர்ந்துகொண்டிருக்க, ரயில் அதே தூரத்தைக் கால்வாசி நேரத்தில் ஓடிவிடும். நெருக்கடி இருக்கும், பேக்கை முன்னால் போட்டுக்கொள்.

வழி தவறினால் பயப்படாதே. கடல் மேற்குப் பக்கம். காலி வீதியில் தெற்கே போகும்போது கடல் உன் வலக்கைப் பக்கம் இருக்கும், திரும்பி வரும்போது இடக்கை. விலாசத்தில் வரும் இலக்கத்தையும் மனதில் வை: கொழும்பு 11 என்றால் புறக்கோட்டை, 6 என்றால் வெள்ளவத்தை, 7 என்றால் கறுவாத்தோட்டம். சிங்களத்தில் வழி கேள். நம் ஊரில் வளர்ந்த உனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழே போதும்.

அத்தை வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதே. கேக் வாங்கக் காசு செலவழிக்கவும் வேண்டாம். நம் வயல் அரிசி ஐந்து கொத்து, காய்ந்த மிளகாய் கொஞ்சம், ஒரு சீப்பு வாழைப்பழம் போதும். அங்கே அவர்கள் இருப்பது இரண்டு அறை வீடு, தண்ணீருக்கும் பில் வரும். இங்கே கிணற்றில் அள்ளிக் குளிப்பது போல அங்கே குளிக்காதீர்கள். மூன்று இரவு போதும். நாலாவது நாள் அத்தை "இன்னும் நிண்டு போங்களன்" என்பாள். அது மரியாதைக்கு.

வியாழன் காலை மட்டும் சிக்கனம் பார்க்காதே. நெருக்கடியில் நசுங்கி, வியர்த்துக் கொட்டி நேர்முகப் பரீட்சைக்குப் போய் இருக்கக்கூடாது. போனில் பிக்மீ போட்டுப் பார், ஏற முதலே கட்டணம் தெரியும். இந்தப் பயணமே அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான். மூன்று நாளும் மிச்சம் பிடிப்பதே இதில் செலவழிக்கத்தான் என்று வைத்துக்கொள்.

முடிந்த பிறகு நடக்கலாம். அந்தக் கந்தோருக்குப் பக்கத்திலேயே தேசிய நூதனசாலை, 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். நம் நாட்டவருக்கு வேறு கட்டணம், வெளிநாட்டவர் கொடுப்பதில் சிறு பங்குதான், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உள்ளே இரண்டைப் பார்க்காமல் வராதே. ஒன்று, கண்டி அரசரின் சிம்மாசனம். மெதமகாநுவரப் பக்கம் பிடிபட்டாரே, அவர் இருந்தது. இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 1934இல்தான் திருப்பித் தந்தார்கள். அவர் திரும்பவில்லை, 1832இல் வேலூரில் காலமானார். மற்றது, காலியில் 1911இல் கண்டெடுத்த ஒரு கல். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு என்று பொறித்திருக்கிறது. சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் எழுதியிருக்கிறார்கள். தமிழ்ப் பகுதியில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகள் வருகின்றன. எழுத்துத் தேய்ந்திருக்கிறது. நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து இரண்டு சொல்லைத்தான் பிடித்தேன். உன் கண் இளசு, கூடப் பிடிப்பாய்.

வெளியே வந்தால் விகாரமகாதேவிப் பூங்கா, காசில்லை. மத்தியானச் சாப்பாட்டை அங்கே நிழலில் இருந்து பிரியுங்கள். ஒரு சோற்றுப் பார்சலில் இரண்டு பேர் சாப்பிடலாம், ஒரு வடையும் சேர்த்து வாங்கினால் தம்பிக்கும் பத்தும். தண்ணீர்ப் போத்தலை வீட்டிலேயே நிரப்பிக்கொள், வழியில் வாங்கும் போத்தல்தான் நாள் முடிவில் பெரிய கணக்காக வரும்.

பின்னேரம் காலிமுகத்திடல். 1859இல் சேர் ஹென்றி வோர்ட் என்ற தேசாதிபதி ஊராருக்கு உலாவ என்று விட்ட வெளி. இன்றும் உலாவ யாரும் காசு கேட்பதில்லை. பட்டம் விடுவதைப் பார்க்கலாம், சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். இறால் வடை ஒன்று வாங்கு, விலையைக் கேட்டுவிட்டு வாங்கு. தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரம், 2022இல் பொதுமக்களுக்குத் திறந்தது. ஏறக் கட்டணம். கீழே நின்று பார்த்தால் இலவசம், அது தெரியாத மூலை கொழும்பில் குறைவு.

வெள்ளிக்கிழமை புறக்கோட்டை. செட்டியார் தெரு நகைக்கு, முதலாம் குறுக்குத் தெரு மின்சாமானுக்கு, கபோஸ் ஒழுங்கை மருந்துச் சரக்குக்கு என்று தெருவுக்கொரு வியாபாரம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசல் நிற்கிறது, வெளியிலிருந்து பார்த்தாலே போதும். வாங்குவதென்றால் இரண்டு கடையில் விலை கேட்டு மூன்றாவதில் வாங்கு. கேட்டுவிட்டுத் திரும்பும்போது கடைக்காரன் முணுமுணுப்பான். நானும் கடைக்காரன்தான், ஐந்து நிமிசத்தில் மறந்துவிடுவோம்.

ஊரிலிருந்து புறப்பட முதலே காசைப் பிரித்து வை. திரும்பி வரும் பஸ் காசை ஒரு கடித உறையில் போட்டு ஒட்டி, உடுப்புப் பேக்கின் அடியில் வை. அந்த உறை உன்னுடையதில்லை, பஸ்காரனுடையது. மிச்சத்தை மூன்று நாளுக்குப் பங்கிடு. இன்றைய பங்கு மிஞ்சினால் நாளைக்கு, குறைந்தால் நாளைக்குப் பிளேன்டீயும் பாணும்.

கடைசியாகத் திரும்பி வருவது. இதிலும் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒருதரம் புறக்கோட்டையில் "ஹெட்டிப்பொல" என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும், நம் பக்கத்து ஹெட்டிப்பொல என்று நினைத்து ஓடிப்போய் ஏறி, நல்ல யன்னல் சீற் கிடைத்த சந்தோசத்தில் நித்திரையாகிவிட்டேன். எழுப்பிவிட்டபோது நான் நின்றது குருணாகல் மாவட்டத்து ஹெட்டிப்பொல. அங்கேயும் ஒன்று இருக்கிறது மகள்! கண்டக்டரிடம் "மாத்தளைப் பக்கமா?" என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? இரவு அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் வெட்கத்தை விட்டு, படுக்க ஒரு வாங்கு கேட்டேன். தந்தார்கள். ஒரு பிளேன்டீயும் தந்தார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை.

ஆகவே சனிக்கிழமை ஏறும்போது, வில்கமுவ என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்டு ஏறுங்கள். கண்டியிலோ மாத்தளையிலோ பொழுது சாய்ந்துவிட்டால் மேலே வர வேண்டாம், சின்னம்மா வீட்டில் தங்கி ஞாயிறு காலை வாருங்கள். பொழுதோடு வந்தால் சந்திக்கு வர முதல் போன் அடி, நான் மோட்டார் சைக்கிளோடு வந்து நிற்பேன்.

சாமி படத்துக்கு முன்னால் கொஞ்சம் காசு வைத்திருந்தேன், அதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். எவ்வளவு என்று அவனிடம் எண்ணிக் கேட்டு வாங்கு. அவனிடமும் கூச்சப்படாதே.

அன்புடன்,
பெரியப்பா